தட்டியும் வெடிக்காத தோட்டா: போல்ட் ரைபிளும் கையால் நிரப்பிய தோட்டாவும்

விசையை இழுத்ததும் ஃபயரிங் பின் எனப்படும் ஊசி முன்னே பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டிய ஓசை மட்டும் கேட்டு, வெடி எழாமல் போகும் நிலையைத் துப்பாக்கித் தொழிலில் மிஸ்ஃபயர் என்பர். ஆலைத் தோட்டாவில் அரிதாகவே நேரும் இக்குறை, சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வேட்டையாளர்களிடமும் இலக்குச் சுடுநர்களிடமும் அதைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்கள் அதற்கு முதலில் சொல்லும் காரணமோ பெரும்பாலும் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான ப்ரைமர் கெட்டுவிட்டது என்பதே. ரைபிளையும் தோட்டாவையும் ஒருசேர வைத்து அளந்தால் இந்தக் குற்றச்சாட்டு பல வேளைகளில் நிலைப்பதில்லை. மிஸ்ஃபயர் என்பது தனியொரு பொருளின் கேடு என்பதைவிட, ஊசி தரும் அடிக்கும் ப்ரைமருக்கு வேண்டிய அடிக்கும் நடுவே வடிவமைப்பாளர்கள் விட்டுவைத்த மிகுதி கரைந்துபோனதன் அடையாளம். கையால் நிரப்பிய தோட்டாவில் அந்த மிகுதியைக் கரைக்கும் செயல்களில் முதலிடம் பெறுவது, கூட்டைத் தேவைக்கு மேல் சுருக்கிவிடுவதே.

கையால் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தபோதிலும், அது பெருவழக்கானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். போரில் மிஞ்சிய ராணுவ வெடிமருந்தைப் புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி மலிவாக விற்றதும், 1943இல் ஃபிரெட் ஹண்டிங்டன் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனம் வீட்டு மேசையில் பொருத்தக்கூடிய பிரஸ்களையும், கூட்டைச் சுருக்கும் அச்சுகளான டைகளையும் பரவலாக்கியதும், 1949இல் ஜாய்ஸ் ஹார்னடி நெப்ராஸ்காவில் குண்டு செய்யத் தொடங்கியதும் சேர்ந்து, ஆலையின் வேலையைத் தனிமனிதரின் கொட்டகைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்வதால், இக்கட்டுரை பேசும் களம் முதன்மையாக அமெரிக்கக் களமே. ஆலையில் பல கட்டச் சோதனைகளால் உறுதி செய்யப்படும் ப்ரைமரின் ஆழம், கூட்டின் நீளம், மருந்தின் எடை ஆகிய மூன்றுக்கும் இங்கே பொறுப்பேற்பவர் ஒரே ஆள் என்பதும், அவர் செய்யும் தோட்டா அவருடைய ஒரு ரைபிளுக்குள் மட்டுமே பொருந்த வேண்டியது என்பதும் இக்களத்தின் இரு தன்மைகள்.

போல்ட் ரைபிளின் இயக்கம் எளிமையானது. போல்ட் என்னும் உருளையைக் கையால் முன்னே தள்ளித் திருப்பும்போது அது தோட்டாவைக் குழலின் பின்முனையில் உள்ள சேம்பர் என்னும் அறைக்குள் அடைத்துப் பூட்டுகிறது; போல்டின் நடுவே அழுத்திய ஸ்பிரிங்குடன் நிற்கும் ஊசி, விசை விடுபட்டதும் முன்னே பாய்ந்து, போல்டின் முகப்பைத் தாண்டிச் சற்றே நீட்டி, தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும் ப்ரைமரைக் குத்துகிறது. இந்த நீட்டம் பல வேட்டை ரைபிள்களில் ஏறத்தாழ 0.055 முதல் 0.065 அங்குலம் வரை இருக்கும். ப்ரைமர் என்பது மெல்லிய உலோகக் கிண்ணம். அதன் உள்ளே அதிர்ச்சியால் தீப்பற்றும் கலவைப் பூச்சும், அதன்மேல் ஆன்வில் எனப்படும் சிறிய மூன்றுகால் பட்டடையும் இருக்கும். பொட்டு வெடியைக் கல்லின்மேல் வைத்துத் தட்டினால் வெடிப்பதும் மெத்தையின்மேல் வைத்துத் தட்டினால் வெடிக்காததும் எதனாலோ, அதனாலேயே ப்ரைமரும் பட்டடைக்கும் ஊசிக்கும் நடுவே நசுங்கினால் தீப்பற்றுகிறது, பின்வாங்க இடமிருந்தால் மௌனமாகிவிடுகிறது. மிஸ்ஃபயர் ஆராய்ச்சியில் பெரும்பகுதி, அந்த மெத்தை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான்.

இப்போது வழக்கில் உள்ள ப்ரைமர்களில், பட்டடை ப்ரைமருக்குள்ளேயே இருக்கும் வகை ஆங்கிலேய ராணுவ அதிகாரி எட்வர்ட் பாக்ஸரின் பெயரையும், பட்டடை கூட்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும் வகை அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் பெயரையும் தாங்குகின்றன. இரண்டும் 1860களில் பிறந்தவை. பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருப்பதால் பழைய ப்ரைமரை ஒரு கம்பியால் தள்ளி வெளியேற்றலாம் என்பதே அது அமெரிக்க நிரப்புநர்களின் வகையாக நிலைத்ததற்குக் காரணம். ப்ரைமர் கலவையே பழுதாகிப் பெருங்கேடு விளைந்த வரலாறும் உண்டு. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு ராணுவத் தோட்டா ஆலையில் 1917இல் தயாரான .30-06 தோட்டாக்கள் பல வெடிக்காமலும் தாமதித்து வெடித்தும் போனதால், அங்கே அந்தக் கலவையே கைவிடப்பட்டு வின்செஸ்டர் நிறுவனத்தின் கலவை ஏற்கப்பட்டது. அக்காலக் குளோரேட் கலவைகளின் இடத்தை லெட் ஸ்டிஃப்னேட் பிடித்தபின், வறண்ட இடத்தில் வைத்த ப்ரைமர் பல பத்தாண்டுகள் உயிரோடிருப்பது இயல்பாகிவிட்டது. ஆகவே ஒரு பெட்டியில் நூறு ப்ரைமர் இருக்க ஐந்தாறு மட்டும் வெடிக்கவில்லை என்றால், ஆலையைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை பல உள்ளன.

அவற்றில் முதலாவது, ப்ரைமர் அதன் குழிக்குள் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்பது. சரியாக அமர்ந்த ப்ரைமரில் பட்டடையின் கால்கள் குழியின் அடித்தளத்தைத் தொட்டு, கிண்ணம் அதன்மேல் மிகச் சிறிதளவு அழுந்தி, கலவைப் பூச்சு முன்கூட்டியே இறுக்கம் பெற்றிருக்கும். கூட்டின் அடிமட்டத்திலிருந்து பொதுவாக 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே தாழ்ந்திருக்கும். குழியின் அடியில் பழைய ப்ரைமரின் கரி படிந்திருந்தாலோ, ராணுவக் கூடுகளில் ப்ரைமரைப் பிடித்து நிறுத்த ஓரத்தில் அழுத்திய விளிம்பு முழுதும் அகற்றப்படாமல் இருந்தாலோ, நிரப்புநரின் கை தயங்கினாலோ ப்ரைமர் நடுவழியில் நின்றுவிடும். அந்நிலையில் ஊசியின் முதல் அடி, ப்ரைமரைக் குழியின் அடிவரை தள்ளும் வேலையிலேயே செலவாகிறது. அதே தோட்டாவை மீண்டும் அடைத்து அடித்தால் வெடிக்கிறது என்றால், முதல் அடி ப்ரைமரை இருத்தியது, இரண்டாம் அடி அதைப் பற்றவைத்தது என்று கொள்வதற்கு வலுவான இடமுண்டு. இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டாக்களை நல்லவை என்று எண்ணி மேலே செல்பவர் தமக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்றைத் தூக்கி எறிகிறார். விரல் நுனியை ஒவ்வொரு கூட்டின் அடியிலும் ஓட்டிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்தக் குறையை எந்தக் கருவியும் இன்றிக் காட்டிக்கொடுக்கும்.

எண்ணெய் பட்டால் ப்ரைமர் செத்துவிடும் என்ற நம்பிக்கை நிரப்புநரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கூட்டை டைக்குள் செலுத்துவதற்காகப் பூசும் மசகு ப்ரைமரைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை சரியானதே. ஆயினும் இக்கால ப்ரைமர்களின் கலவை ஒரு தாளாலோ அரக்குப் பூச்சாலோ மூடப்பட்டிருப்பதால், கையில் இருந்த சிறு எண்ணெய்ப் பசை அவற்றை உடனே கெடுத்துவிடுவதில்லை. மிஸ்ஃபயருக்கு இதையே முதல் விளக்கமாகக் கொள்வது, அளவுகோலை எடுக்காமல் தப்பிக்கும் வழியாகவே அமைகிறது. ப்ரைமரின் உலோகக் கிண்ணத்தின் கனமோ உண்மையான வேறுபாட்டை உண்டாக்குகிறது: தானியங்கி ரைபிள்களில் ஊசி தன் எடையால் மோதித் தவறுதலாக வெடிப்பதைத் தடுக்கும் பொருட்டு ராணுவ வகை ப்ரைமர்கள் எளிதில் பற்றாதபடி செய்யப்படுகின்றன, சிசிஐ நிறுவனத்தின் 34ஆம் 41ஆம் எண் ப்ரைமர்கள் இவ்வகையின. ஸ்பிரிங் தளர்ந்த பழைய போல்ட் ரைபிளில் இவற்றை இட்டால், மிகுதி இரு பக்கமிருந்தும் தேய்கிறது.

இனி இவ்வாய்வின் நடுப்புள்ளிக்கு வரலாம். பூட்டிய போல்டின் முகப்புக்கும், தோட்டா மேலும் முன்னே போகாதபடி சேம்பர் அதைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தொலைவை ஹெட்ஸ்பேஸ் என்பர். .303 பிரிட்டிஷ் போன்ற பழைய தோட்டாக்களில் அடியில் உள்ள விளிம்பு இந்தத் தடுப்பைச் செய்கிறது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனம் 1912இல் வெளியிட்ட .375 மேக்னம் போன்றவற்றில் அடிக்குச் சற்று மேலே உள்ள பட்டை செய்கிறது; .30-06, .308 வின்செஸ்டர் போன்ற விளிம்பற்ற தோட்டாக்களில் உடலிலிருந்து கழுத்துக்குக் குறுகும் சரிவான தோள் செய்கிறது. .308க்கு அமெரிக்கத் தொழில் தர அளவுகளின்படி சேம்பர் 1.630 அங்குல அளவியை ஏற்க வேண்டும், 1.638 அங்குல அளவியின்மேல் போல்ட் மூடினால் அந்த ரைபிள் சுடத் தகுதியற்றது. சேம்பர் இத்தனை நெருக்கமான வரம்புக்குள் வெட்டப்படும்போது, அதற்குள் போகும் கூடு வரம்பை மீறி வந்துவிடுவதே சிக்கலின் தொடக்கம்.

சுட்ட கூட்டை மறுபடி பயன்படுத்த, முழுநீள டை என்னும் உருக்கு அச்சுக்குள் செலுத்தி அதன் உடலையும் கழுத்தையும் சுருக்குவர். டையை பிரஸ்ஸில் எவ்வளவு கீழே திருகுகிறார்களோ அவ்வளவு தோளும் பின்னே தள்ளப்படுகிறது. ஷெல் ஹோல்டர் என்னும் தாங்கியைத் தொடும்வரை திருகி, அதற்குமேலும் கொஞ்சம் திருகச் சொல்லும் பொதுவான குறிப்பு, எந்த ரைபிளிலும் நுழையக்கூடிய தோட்டாவைத் தருவதற்காக எழுதப்பட்டது. நீளமான சேம்பர் உடைய ரைபிளின் உரிமையாளர் அதை அப்படியே பின்பற்றினால், சேம்பருக்கு வேண்டியதைவிட நூற்றில் ஒரு அங்குலம் குட்டையான தோளுடன் கூடு வெளிவரலாம். அத்தகைய தோட்டாவை ஊசி தட்டும்போது, ப்ரைமர் நசுங்குவதற்கு முன் தோட்டா முழுதுமே முன்னே ஓடித் தோளில் முட்டுகிறது; அந்த ஓட்டத்தில் அடியின் ஆற்றலில் ஒரு பகுதி கரைகிறது, ஊசியின் நீட்டத்திலும் அந்த இடைவெளி கழிகிறது. எல்லாத் தோட்டாக்களும் வெடிக்காமல் போவதில்லை. ப்ரைமருக்கு ப்ரைமர் உணர்திறன் சிறிது வேறுபடுவதால் பத்தில் ஒன்றோ இருபதில் ஒன்றோ தங்கிவிடுகிறது, நிரப்புநரும் ப்ரைமர் பெட்டியைக் குறை கூறுகிறார்.

ஒரே அளவு குட்டையான கூடு ஒரு ரைபிளில் தவறாமல் வெடித்து மற்றொன்றில் தவறுவதற்கும் இங்கே விளக்கம் உண்டு. 1898ஆம் ஆண்டின் மௌசர் வடிவத்தில் கூட்டின் அடியைப் பற்றும் நீண்ட நகம் தோட்டாவைப் போல்டின் முகப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதால், தோள் குட்டையாக இருந்தாலும் தோட்டா அவ்வளவாக முன்னே ஓடுவதில்லை. ரெமிங்டன் 700 போன்றவற்றிலோ போல்ட் முகப்பில் உள்ள ஸ்பிரிங் முளை தோட்டாவை எப்போதும் முன்னே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆகவே நண்பரின் ரைபிளில் வெடித்தது என்பதைக் கூட்டின் நற்சான்றாகக் கொள்ள முடியாது.

இக்குறையைத் தீர்ப்பதைவிட அதை அறிந்துகொள்வது முக்கியம் என்பதற்கு வலுவான காரணம் உள்ளது. குட்டைத் தோளுடைய கூடு வெடிக்கும்போது அதன் முன்பகுதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ள, பின்பகுதி அழுத்தத்தால் பின்னே நீண்டு போல்டைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் இப்படி நீளும் பித்தளை, அடிக்குச் சற்று மேலே வளையம்போல மெலிந்து, ஒரு நாள் அங்கே இரண்டாகப் பிளந்து, கொதிக்கும் வாயுவைச் சுடுபவரின் முகத்தை நோக்கித் திருப்பிவிடக்கூடும். வெடிக்காத தோட்டா எரிச்சலூட்டுகிறது. அதே காரணத்தால் பிளக்கும் தோட்டா கண்ணைப் பறிக்கிறது. சுட்ட கூட்டின் தோள் நீளத்தை ஒப்பீட்டு அளவியால் அளந்து, டையைச் சிறிது சிறிதாகத் திருகி, போல்ட் ரைபிளுக்குத் தோள் 0.001 அல்லது 0.002 அங்குலம் மட்டுமே பின்வாங்கும்படி நிறுத்துவது இன்று தேர்ந்த நிரப்புநர் பலரும் கடைப்பிடிக்கும் வழி. இரு குறைகளுக்கும் ஒரே மருந்து அது.

டையைத் தொடாமலே தோள் பின்வாங்கும் வழியொன்றும் உண்டு; அதை அறியாதவர் நெடுநாள் திகைப்பர். ஈயக் குண்டும் குறைந்த மருந்துமாக நிரப்பும் மென்மையான தோட்டாக்களில், ப்ரைமரின் வெடிப்பே கூட்டை முன்னே உந்தித் தோளைச் சேம்பரில் மோதச் செய்கிறது. மருந்தின் அழுத்தம் கூட்டை மீண்டும் நீட்டும் அளவுக்கு உயர்வதில்லை. ஆகவே கழுத்தை மட்டும் சுருக்கி மறுபடி மறுபடி நிரப்பும் விளிம்பற்ற கூடுகளில் தோள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்வாங்கி, ப்ரைமர் வெளியே துருத்தி நின்று, இறுதியில் மிஸ்ஃபயர் தொடங்குகிறது. விளிம்புள்ள .30-30 போன்ற தோட்டாக்களுக்கு இத்தொல்லை இல்லை. அடித்துளையை அகலமாக்கி ப்ரைமரின் உந்துதலைக் குறைக்கும் தீர்வு பழைய நூல்களிலேயே காணப்படுகிறது. அவ்வாறு துளைத்த கூடுகளை அடையாளமிட்டுத் தனியே வைத்து, முழு மருந்து நிரப்ப ஒருபோதும் எடுக்கலாகாது.

விளிம்புள்ள தோட்டாக்களில் தோள் எவ்வளவு பின்வாங்கினாலும் விளிம்பு தாங்கிக்கொள்ளும் என்பதால் அங்கே தேட வேண்டிய இடம் வேறு. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையிலும் நெடுங்காலம் தயாரான லீ-என்ஃபீல்டு ரைபிள்களில் ஹெட்ஸ்பேஸ் வரம்பு 0.064 முதல் 0.074 அங்குலம்; போல்டின் தலைப்பகுதி தனியே கழலும்படி இருப்பதால், நான்காம் மாதிரிக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகளைச் செய்து, தேய்மானத்துக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தினர். விளிம்பு மெலிந்த வணிகக் கூடும் தேய்ந்த போல்ட் தலையும் சேர்ந்தால் இங்கும் அதே ஓட்டம் உண்டாகும்.

ரைபிளின் பக்கத்தில் காரணங்கள் குறைவு, கண்டறிவதும் எளிது. போல்டுக்குள் பல ஆண்டுகளாகத் தேங்கிய கிரீஸ், குளிர் நாடுகளில் கெட்டியாகி ஊசியின் வேகத்தைத் தடுக்கிறது. கரடி வேட்டைக்கும் மான் வேட்டைக்கும் பனிக்காலத்தில் செல்வோர் போல்டைக் கழற்றி, எண்ணெயை முற்றிலும் துடைத்து, உலர வைத்துப் பூட்டுவதற்குக் காரணம் இதுவே. பழைய ராணுவ ரைபிள்களில் ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும், ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903இல் இரு துண்டாகச் செய்யப்பட்ட ஊசியின் முனை உடைவதும் உண்டு. அவற்றைவிட எளிதில் கண்ணில் படாதது, போல்டின் கைப்பிடி மரக்கட்டையிலோ தொலைநோக்கியின் பிடியிலோ உரசி இறுதிவரை கீழே இறங்காத நிலை: அப்போது ஊசியின் பின்னுள்ள துண்டு, போல்டின் சரிவில் மோதிக் கைப்பிடியைக் கீழே தள்ளுவதில் தன் ஆற்றலைச் செலவிட்டு, ப்ரைமரை வெறுமனே முத்தமிட்டுத் திரும்புகிறது. சுட்டவுடன் கைப்பிடி சிறிது அசைவதைக் கவனித்தவர் காரணத்தைப் பிடித்துவிடுவார்.

ப்ரைமரில் விழுந்த குழியைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆய்வில் பாதி முடிந்துவிடுகிறது. வெடிக்காத தோட்டாவின் குழி, அதே ரைபிளில் வெடித்த ஆலைத் தோட்டாவின் குழியைவிட ஆழம் குறைந்திருந்தால் அடி போதவில்லை அல்லது தோட்டா ஓடிவிட்டது. ஆழம் இயல்பாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் ப்ரைமரையே சந்தேகிக்கலாம், ஆயினும் வெடித்த ப்ரைமரில் உள்ளழுத்தம் குழியின் வடிவை மாற்றுவதால் இந்த ஒப்பீட்டைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். நடுவே விழாமல் ஒதுங்கிய குழி, பட்டடையின் உச்சியைத் தவறவிட்ட அடியைக் காட்டும். ஆலைத் தோட்டா இருபதைச் சுட்டு அவை அனைத்தும் வெடித்தால் ரைபிள் பெரும்பாலும் விடுதலை பெறுகிறது. அதிலும் தவறினால் மேசையில் இருக்கும் டையைத் தொடாமல் போல்டைப் பிரிப்பதே முறை.

ப்ரைமர் வெடித்தும் தோட்டா சுடாமல் போவது வேறு இனம். அதை மிஸ்ஃபயரோடு கலந்து பேசுவது ஆபத்தானது. மருந்து நிரப்ப மறந்த கூட்டில் ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் தொடக்கத்தில் செருகிவிடும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதினால் குழல் வீங்குவது குறைந்த தீங்கு, பிளப்பது கூடுதல். ஊசியின் உலோகத் தட்டலுக்குப் பதிலாக மந்தமான ஒரு 'பொப்' ஓசை கேட்டாலே போல்டைக் கழற்றி, குழலுக்குள் ஒளி தெரிகிறதா என்று பார்க்காமல் மேற்கொண்டு எதையும் செய்யலாகாது. மெதுவாகப் பற்றும் மருந்தும் இதற்குக் காரணமாகலாம். 1930களில் வெஸ்டர்ன் நிறுவனம் அறிமுகப்படுத்திய உருண்டை வடிவ மருந்தின் மேற்பூச்சு எரிதலைத் தாமதப்படுத்துவதால், குளிரில் அது சாதாரண ப்ரைமருக்குச் சரியாகப் பற்றாமல், மஞ்சளாகக் கட்டிதட்டிய மருந்தைக் கூட்டிலே விட்டுவைக்கக்கூடும். பெரிய கூடுகளுக்கெனச் செய்த மேக்னம் ப்ரைமர்கள் இத்தேவையில் பிறந்தவை. ஃபெடரல் 215, வெதர்பி .378 மேக்னத்தின் மிகப் பெரிய மருந்துக் கொள்ளளவைப் பற்றவைக்க உருவானது. ஆயினும் ப்ரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும் என்பதால், மருந்தின் அளவை மீண்டும் கீழிருந்து தொடங்க வேண்டும்.

வெடிக்காத கணத்தில் செய்ய வேண்டியது குறித்து மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. ப்ரைமர் பற்றியும் மருந்து சிறிது தாமதித்து வெடிக்கும் ஹேங்ஃபயர் என்னும் நிலைக்கும், வெறும் தட்டலுக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது. ஆகவே குழலை இலக்கை நோக்கியே வைத்திருந்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருந்து, முகத்தைப் போல்டின் நேர்பின்னே வைக்காமல் மெதுவாகத் திறக்க வேண்டும். உடனே மீண்டும் தட்டிப் பார்க்கும் ஆவல் பலரிடமும் உண்டு. இரண்டாம் அடியின் சான்று வேண்டுவோர் இந்தக் காத்திருப்புக்குப் பின்னரே அதைத் தேடலாம்.

தவறிய தோட்டாவைப் பிரிப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டி, அது உலர்ந்து உதிரியாக இருக்கிறதா, மசகால் கட்டிதட்டியிருக்கிறதா என்று பார்த்து, பிறகே கூட்டின் தோளையும் ப்ரைமரின் ஆழத்தையும் அளக்க வேண்டும். மருந்துள்ள தோட்டாவில் துருத்தி நிற்கும் ப்ரைமரைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி உள்ளே தள்ள முயல்வது, கையில் வெடிக்கச் செய்வதற்கு ஒப்பாகும். தோள் குட்டையான கூடுகள் நிறைய மிஞ்சிவிட்டால் அவற்றை உடனே வீச வேண்டியதில்லை: கழுத்தை ஓரளவு பெரிதாக்கி மீண்டும் ஒரு பகுதி மட்டும் சுருக்கிப் பொய்த்தோள் ஒன்றை உண்டாக்கி, அந்தத் தோள் சேம்பரில் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்தால், அடுத்த வெடிப்பில் கூடு அந்த ரைபிளின் சேம்பருக்கே உரிய அளவைப் பெற்றுவிடும். இதற்குமுன் அந்தக் கூட்டுக்குள் வளைந்த கம்பி முனையை விட்டு, அடிக்குச் சற்று மேலே பள்ளம் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தட்டுப்பட்டால் அக்கூட்டைச் சுத்தியலால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிட வேண்டும்.